நோ-கோ அக்காவும் அமெரிக்கா கேஸும்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் இருக்கிற அத்தனை கம்பெனிகளும் இதுவரை ரிஜெக்ட் செய்த சாமான்களை ஒரு பக்கம் குவியுங்கள். நோ-கோ அக்கா தனி ஒருவராக ரிஜெக்ட் செய்தவற்றை இன்னொரு பக்கம் குவியுங்கள். அக்காவின் குவியல்தான் உயரமாக நிற்கும். அதில் இட்லி இருக்கும், ஷேர் ஆட்டோ இருக்கும், தோழியைப் பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகள்கூட இருப்பார்கள்.

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கம்பெனி அடையாள அட்டையில் அதை அச்சடித்தும் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாங்கள் வேலை பார்த்தது கார்களுக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் செய்கிற கம்பெனி. வெளியிலிருந்து வருகிற சரக்கைச் சோதித்து உள்ளே விடுகிற பிரிவில் அக்கா இன்ஸ்பெக்டர். துளை போட்ட பாகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேஜ் உண்டு. இரண்டு முனை உள்ள சின்ன இரும்புத் தண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், அது கோ. மறுமுனை போகவே கூடாது, அது நோ-கோ. அதுவும் போய்விட்டால் பாகத்துக்குச் சிவப்பு டேக் கட்டி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் இந்த இரண்டு முனைகளை வைத்தே அளந்துவிடலாம் என்று அக்கா நம்பினார்.

மெஸ்ஸில் இட்லி வந்தால் முதலில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். அமுங்கின இட்லி எழுந்து வர வேண்டும். வராவிட்டால் தட்டு திரும்பிப் போகும்.

"இன்னாண்ணே, நடுவுல வேகவே இல்ல. நோ-கோ."

"நீ நாஷ்டா துன்ன வந்தியா, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தியா?" என்பார் மெஸ்காரர்.

"ரெண்டுக்குந்தான்."

மெஸ்காரர் திட்டிக்கொண்டே போய்ப் புது ஈடு எடுத்து வருவார். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட புண்ணியத்தில் எங்களுக்கும் சூடான இட்லி கிடைக்கும். படப்பை போகிற ஷேர் ஆட்டோவை நிறுத்தி, உள்ளே தலைகளை எண்ணி, "ஸ்பெக்கு நாலு பேரு, நீ ஒம்போது பேர வச்சிகினு கீற" என்று சொல்லி ஏறாமல் நின்றுவிடுவார். பிறகு வெயிலில் நடந்தே வருவார். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. கட்டின புருஷனைப் பற்றிக் கேட்டால், "கல்யாணம் ஆயி இருவது வருஷம் ஆச்சி. அவரு இன்னும் கண்டிஷனல் அப்ரூவல்லதான் கீறாரு" என்பார். அந்த மனிதர் வேன் ஓட்டுகிறவர். பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

கைப்பையில் எப்போதும் ஒரு கட்டு சிவப்பு டேக் வைத்திருப்பார், கடையில் சொந்தமாக வாங்கியது. ஒரு தடவை சேரப்பணஞ்சேரியில் தெருமுனை மின்கம்பம் ஒன்று சாய்ந்து, இன்றைக்கு விழட்டுமா நாளைக்கு விழட்டுமா என்று நின்றது. ஊரே அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அக்கா ஒரு சிவப்பு டேக்கில் 'ரிஜெக்டெட்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கம்பத்தில் கட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்து வந்த லைன்மேன், தன் மேலதிகாரி யாரோதான் கட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மறுபேச்சில்லாமல் கம்பத்தை மாற்றிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அக்காவை யாரும் கிண்டல் செய்வதில்லை.

இப்போது எங்கள் ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அக்காவின் சித்தப்பா தன் நிலமெல்லாம் சாலைக்கும் கம்பெனிக்கும் போனது போக மிச்சமிருந்த துண்டில், தன் வீட்டை ஒட்டியே, ஆறு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். நாலாம் நம்பரில் நாங்கள் ஆறு பேர். நான் சங்கரன்கோவில், இசக்கி நாங்குநேரி, மற்ற நாலு பேரும் மதுரைக்குத் தெற்கேதான். என்னை அக்கா "சங்கரன்கோயிலு" என்றே கூப்பிடுவார், இசக்கியை "நாங்குநேரி" என்று. ஷிப்ட் முறையில் வேலை என்பதால் எந்நேரமும் ரூமில் யாராவது தூங்கிக்கொண்டிருப்போம். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவனுக்கு வெளிச்சம்தான் ஜென்ம எதிரி. ஆகவே கம்பெனியில் பார்ட்ஸ் வருகிற அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, இருந்த ஒரே ஜன்னலில் இரண்டு அடுக்கு வைத்து, இடுக்கில் தெர்மாகோல் செருகி, சுற்றிலும் பிரவுன் டேப் ஒட்டிவிட்டோம். கதவுக்கு அடியில் பழைய யூனிபார்ம். நடுப்பகலில் உள்ளே வந்தால் கையை நீட்டி நடக்க வேண்டும். அதைப் பெரிய சாதனையாக நினைத்து, ஊருக்குப் போனால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மூலையில் தரை விரிசல் விட்டிருந்தது. அந்த இடத்தில் முன்பு ஒரு கிணறு இருந்து, அதைக் கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்துவிட்டு மேலே கட்டியிருந்தார் சித்தப்பா. தூர்த்த மண் இறங்க, தரையும் இறங்கிவிட்டது. எங்களுக்கு அது வசதிதான். கூட்டுகிற குப்பை அதற்குள் போய்விடும்.

அமெரிக்கா கேஸ் இந்தக் கதைக்குள் வந்தது வீடியோ காலில். அக்காவின் தம்பி ஐயோவா மாகாணத்தில் ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கியிருந்தார். போனில் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தவர், அடித்தளத்திலிருந்து கூரை வரைக்கும் போகிற ஒரு குழாயைத் தாண்டிப் போனார். அக்கா விடவில்லை.

"நில்றா. அது இன்னா, கக்கூஸ் பைப்பு நடுவூட்டுல கீது?"

தம்பி விளக்கினார். அந்த ஊரில் வீடு வாங்குமுன் ரேடான் என்கிற வாயு இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பார்களாம். அவர் வீட்டில் அது அதிகமாக இருந்ததாம். தரைக்கு அடியிலிருந்து அதை உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ளத்தான் அந்தக் குழாயும் ஃபேனுமாம்.

"நம்ம ஊர்ல இத யாரு இன்ஸ்பெக்ஷன் பண்றா?"

"எனக்குத் தெரிஞ்சி யாரும் இல்லக்கா."

தம்பி அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த லீவில் அவர் ஊருக்கு வந்தபோது அக்காவுக்குச் சாக்லேட்டும் வரவில்லை, சென்ட்டும் வரவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை மீட்டர் வந்தது. ஓர் இடத்தில் பதினைந்து நாள் வைத்தால் சராசரி பார்த்துப் பச்சையோ மஞ்சளோ சிவப்போ காட்டும்.

முதலில் தன் வீட்டில் வைத்தார். பச்சை. அக்காவுக்கு அதில் ஏமாற்றம்தான் என்று அவர் புருஷன் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். பிறகு தெருவில் வீடு வீடாக மீட்டர் சுற்றப்பட்டது. ஒரு வீட்டில் அதைச் சாமி அலமாரியில் வைத்துப் பொட்டு வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டு அம்மாள், எலக்ட்ரானிக் சாமான் சூடாகிவிடுமே என்று ஃப்ரிட்ஜில் வைத்துப் பாதுகாத்தார். ஃப்ரிட்ஜுக்குள் ரேடான் இல்லை என்பது பதினைந்தாம் நாள் உறுதியானது. அக்கா சளைக்கவில்லை.

"செம்பரம்பாக்கம் ஏரியத் தொறந்தா டி.வி.ல சொல்றான். தரைக்கு அடியிலேர்ந்து வர்றத எவன் சொல்லுவான்? நாமதான் பாத்துக்கணும்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் கதவு இடிபட்டது. நைட் ஷிப்ட் முடித்து வந்து நாங்கள் நாலு பேர் செத்த பிணமாகக் கிடந்தோம். திறந்தால் அக்கா. லுங்கியைத் தேடி நாலு பேரும் நாலு திசையில் பாய்ந்தோம். இருட்டில் இசக்கி என் லுங்கியைக் கட்டிக்கொண்டான், நான் யாருடையதோ போர்வையைச் சுற்றிக்கொண்டேன்.

"இன்னாங்கடா இது, வூடா, கோடவுனா? ஒரே கலீஜா கீது. மூச்சு வுட்றீங்களா இல்லியா?"

"மூச்செல்லாம் நல்லாத்தாம்க்கா விடுதோம்" என்றான் இசக்கி. "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க, துணி உடுத்திக்கிடுதோம்."

அக்கா வெளியே நின்றபடியே பாடம் நடத்தினார். "மண்ணுக்கடியில கல்லு கீதுல்ல, அதுலேர்ந்து ஒரு கேஸ் வரும். வாசன கெடியாது, கலரு கெடியாது. வெளிய வந்தா காத்தோட கலந்து பூடும். இந்த மாதிரி மூடி வச்ச ரூமுன்னா உள்ளயே தங்கிக்கும். வருஷக்கணக்கா இழுத்துகினே இருந்தா நுரையீரல்ல புத்து வரலாம். சிகரெட் புடிக்கறவனுக்கு இன்னும் மோசம்."

இசக்கி தலையணைக்கு அடியில் எதையோ தள்ளினான். "அப்போ நாளைக்கே செத்துருவமாக்கா?"

"நாளிக்கெல்லாம் சாவ மாட்ட. லீவு போட காரணம் தேடாத."

மீட்டரை அலமாரியில் வைத்து, பதினைந்து நாள் யாரும் தொடக் கூடாது, ரூம் எப்போதும் போலவே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் கேமரா இருக்கிறது என்று இசக்கி முடிவு கட்டிவிட்டான். பதினைந்து நாளும் போர்வைக்குள்ளே நுழைந்துதான் உடை மாற்றினான். மீட்டரைக் கடந்து போகும்போது அவனை அறியாமல் தலையைக்கூட வாரிக்கொண்டான்.

பதினைந்தாம் நாள் அக்கா வந்து பார்த்தபோது விளக்கு சிவப்பாக இருந்தது. கம்பெனியில் எங்கள் லைனில் கம்பத்தின் உச்சியில் இதே மூன்று கலர் விளக்குகள் உண்டு. சிவப்பு எரிந்தால் எல்லாக் கையும் நின்றுவிட வேண்டும், லைன் ஓடக் கூடாது. பழக்க தோஷத்தில் ஆறு பேரும் அப்படியே நின்றோம். அக்கா கதவில் சிவப்பு டேக் மாட்டினார். ஜன்னலைப் பார்த்தார், மூலையில் விரிசலைப் பார்த்தார், நேராகப் பக்கத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போனார். பின்னாலேயே நாங்களும் போனோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஏழு வயதில் அப்பா இறந்துவிட்டார், கொஞ்ச நாளில் அம்மாவும். அந்த வீட்டில் வைத்து வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்தவர் இந்தச் சித்தப்பாதான். அக்காவுக்குத் தாய்வீடு என்று இருந்தது அது ஒன்றுதான். பொங்கலானாலும் தீபாவளியானாலும் முதலில் அந்த வாசலை மிதித்துவிட்டுத்தான் தன் வீட்டு வேலையைப் பார்ப்பார்.

"ஏம்மா, நெலமெல்லாம் போச்சி, இந்த ஆறு ரூமுதான் எனுக்கு வெள்ளாமை" என்றார் சித்தப்பா. விஷயம் கேட்டதும் ஓடிப் போய் எங்கள் கதவிலிருந்து பிய்த்து வந்த டேக் கையில் இருந்தது. "நீ இன்னாடான்னா அதுல செவப்பு சீட்டு மாட்டிகினு போற. நாளிக்கு எவன் குடி வருவான்?"

"இன்னொரு ஜன்னலு, கொஞ்சம் சிமென்ட்டு. அவ்ளோதான் சித்தப்பா வேல. பக்கத்து ரூமுல ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சி கீது, போன மாசம் அங்க வச்சேன், பச்சதான் எரிஞ்சிச்சி."

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்த மண்ணு மேலதான் படுத்துகினு கீறோம். எவன் செத்தான்?"

"தாத்தா கதவத் தொறந்து போட்டுகினு படுத்தாரு. இவனுங்க அட்டப்பெட்டிக்குள்ள படுத்துகினு கீறானுங்க."

சித்தப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆறு வாடகைக்காரர்கள் முன்னால், தான் வளர்த்த பெண் எதிர்த்துப் பேசுகிறாள். மனிதர் சவாலில் இறங்கிவிட்டார்.

"மறுக்கா வையி. பதினஞ்சி நாளு. செவப்பு வந்தா நானே செவுத்த இடிச்சி இன்னொரு ஜன்னலு வெக்கறேன். பச்ச வந்துச்சின்னா, நீ இந்த வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது. அது வரைக்கும் இந்தப் பக்கமே தல காட்டாத, எதுனா தில்லுமுல்லு பண்ணுவ."

உள்ளே சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "சரி சித்தப்பா" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார். போகும்போது என்னிடம், "டேய் சங்கரன்கோயிலு, ரூமு எப்பவும் போலவே இருக்கணும், இன்னா?" என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன்.

அன்று மாலையே சித்தப்பா எங்களிடம் வந்தார். சிவப்பு வந்தால் சுவரை இடிக்க வேண்டியிருக்கும், அப்புறம் ரூமைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று நாசூக்காகச் சொன்னார். எங்கள் ரூமிலிருந்து கம்பெனி பஸ் நிற்கிற இடம் நூறு அடி. அந்த நூறு அடியின் அருமை, ஷிப்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

கஸ்டமர் ஆடிட் என்று ஒன்று உண்டு. எங்களிடம் பாகம் வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வருகிற தேதி முன்கூட்டியே தெரியும். ஒரு வாரம் முன்பே தரையில் மஞ்சள் கோடு புதிதாக வரும், எல்லாருக்கும் கையுறை வரும், சந்தேகமான சரக்கெல்லாம் காணாமல் போகும். ஆடிட் முடிந்த மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. இந்தக் கலையில் நாங்கள் ஆறு பேரும் கைதேர்ந்தவர்கள். அதைத்தான் நாலாம் நம்பரிலும் செய்தோம்.

அட்டையைப் பிய்த்தோம், தெர்மாகோலைப் பிடுங்கினோம், ஜன்னலை விரியத் திறந்தோம். மெஸ்ஸிலிருந்து ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் இரவல் வாங்கி மாட்டினோம். சித்தப்பா தன் வீட்டு டேபிள் ஃபேனைத் தானே தூக்கி வந்தார். அதோடு விட்டாரா? சட்டியில் சிமென்ட் கலக்கி, குந்தி உட்கார்ந்து, தன் கையாலேயே அந்த விரிசலை அடைத்தார். பதினைந்து நாளும் எங்களுக்குத் தேநீர் வேறு வாங்கிக் கொடுத்தார். பகல் வெளிச்சத்தில் கண்ணின் மேல் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினோம். ரூமில் இருந்த புழுங்கல் நாற்றம் போய்விட்டது. காலையில் எழுந்தால் இருக்கிற மந்தமும் போய்விட்டது. அந்த மந்தத்துக்கும் ரேடானுக்கும் சம்பந்தமில்லை, அது வெறும் காற்றோட்டம் இல்லாத குறை என்று அக்காவே பின்னால் சொன்னார். ஆனால் அப்போது எங்களுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை, ஆடிட்டில் பாஸாக வேண்டும்.

பதினாறாம் நாள் எல்லோரும் கூடினோம். பக்கத்து ரூம்காரர்களும் வந்துவிட்டார்கள். அக்கா மீட்டரை எடுத்துப் பார்த்தார். பச்சை.

"பாத்துக்கினியா?" என்றார் சித்தப்பா. தெருவுக்கே கேட்டிருக்கும்.

அக்கா மீட்டரிலிருந்து கண்ணை எடுத்து ஜன்னலைப் பார்த்தார். சுற்றிலும் சதுரமாக டேப் பிய்த்த தடம். மூலையைப் பார்த்தார். பழைய தரையில் வெள்ளைவெளேரென்று புது சிமென்ட். மெஸ் பெயர் எழுதிய எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்தார். கடைசியாக எங்களைப் பார்த்தார். இசக்கி விட்டத்தைப் பார்த்தான், நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிக்கிற மனுஷிக்கு இது தெரியாதா? 'சீட்டிங்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பந்தயம் செல்லாது. நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

அக்கா சித்தப்பாவிடம் திரும்பினார். "ரூமு எப்பவும் இப்டிதான் இருக்குமா?"

"எப்பவும் இப்டிதான்!"

"ஜன்னலு தொறந்து, ஃபேனு ஓடிகினு?"

"வல்லக்கோட்டை முருகன் மேல சத்தியமா எப்பவும் இப்டிதான்! இனிமேட்டும் இப்டியேதான் இருக்கும்!"

"அப்ப சரி" என்றார் அக்கா. பையிலிருந்து ஒரு பச்சை டேக்கை எடுத்தார். அவர் கையில் பச்சை டேக்கை நாங்கள் பார்த்ததே அன்றுதான். 'ஓகே. ஜன்னல் திறந்து, ஃபேன் ஓடி, தரை அடைத்த நிலையில் மட்டும்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கதவில் மாட்டினார். "நான் தோத்துட்டேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் பாடு திண்டாட்டம். முருகன் மேல் செய்த சத்தியம் சும்மா விடுமா? தினமும் காலை பத்து மணிக்குச் சித்தப்பா வந்து ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். மூடியிருந்தால், "டேய், சாமி குத்தம் ஆயிடும்டா" என்று கத்திக்கொண்டே திறந்துவிட்டுப் போவார். வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனை மெஸ்காரர் திருப்பிக் கேட்டபோது, சித்தப்பாவே புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். அப்புறம் மாதக்கணக்கில் அந்த ஜன்னலை நாங்கள் மூடவே இல்லை. அக்கா தன் புருஷனிடம் கொடுத்தனுப்பி இன்னொரு முறை மீட்டர் வைத்துப் பார்த்தார். அப்போதும் பச்சை.

ஆனால் அக்கா வாக்குத் தவறவில்லை. அந்த வாசற்படியை மிதிக்கவே இல்லை. பொங்கலன்று காலையில் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்று, சுவருக்கு மேலேயே சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போனார். சித்திக்குக் காய்ச்சல் வந்தபோது தெருவில் நின்றபடி, "இப்ப எப்டி கீது சித்தி?" என்று கேட்டார். சித்தி போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலிலிருந்து பதில் சொன்னார். சித்தப்பா உள்ளே பேப்பரை விரித்து வைத்து அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை.

எனக்கும் இசக்கிக்கும் சோறு இறங்கவில்லை. ஒருநாள் இரண்டு பேரும் போய்ச் சித்தப்பாவிடம் தலையைக் குனிந்து நின்றோம்.

"நாங்கதான் ஜன்னலைத் தொறந்து வச்சி ஏமாத்துனோம்" என்றேன். "தோத்தது அக்கா இல்ல."

"போடா இவனே. சிமென்ட்டு பூசுன கை எதுடா? இந்தக் கைதான? எனுக்குத் தெரியாதா?"

"பெறகு கூப்பிட வேண்டியதுதான சித்தப்பா?" என்றான் இசக்கி.

"எந்த மூஞ்ச வச்சிகினு கூப்புட்றது?" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொள்ள எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

இரண்டு மாதம் கழித்து மாடியில் ஏழாம் நம்பர் ரூமின் வேலை தொடங்கியது. மேஸ்திரியைப் பக்கத்தில் நின்று விரட்டி, எதிரும் புதிருமாக இரண்டு பெரிய ஜன்னல் வைக்கச் சொன்னார் சித்தப்பா. மாடியில் எதற்கு ரேடானுக்குப் பயப்பட வேண்டும் என்று நான் கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்றார். ரூம் முடிந்ததும் இசக்கியைக் கூப்பிட்டார்.

"கம்பெனில அந்தம்மா கையில சொல்லு. ஏழாம் நம்பரு இன்ஸ்பெக்ஷனுக்கு ரெடியா கீது. டேக் இல்லாம வாடகைக்கு வுட மாட்டேன்னு சொன்னேன்னு சொல்லு."

இசக்கி மூச்சிரைக்க ஓடி வந்து இன்ஸ்பெக்ஷன் மேஜையில் செய்தியைச் சொன்னான். அக்கா கையிலிருந்த பாகத்தை அளந்து முடித்து, எழுதி முடித்துவிட்டு, "வாசப்படிய மிதிக்கலாமாமா?" என்றார்.

"மிதிக்கலாமாம்க்கா. கேட்டைத் தொறந்து வச்சிக்கிட்டே நிக்காரு."

உண்மையிலேயே நின்றார். யூனிபார்மோடு மீட்டரை எடுத்துக்கொண்டு அக்கா வந்தபோது, சித்தப்பா கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வழிவிட்டார். சித்தி அழுதுகொண்டே காப்பி கொண்டு வந்தார். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சி சித்தி, நோ-கோ" என்றார். சித்தி சிரித்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடினார். சித்தப்பாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்னாலேயே போனார்.

மாடியில் அக்கா ஜன்னலின் அகலத்தை அளந்துகொண்டிருந்தபோது நான் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு நாங்க ஏமாத்துனது தெரிஞ்சும் ஏங்க்கா தோத்துட்டேன்னு சொன்னீங்க? வீடே போச்சே உங்களுக்கு."

அக்கா டேப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். சித்தப்பா வீம்புக்கு மொதல்ல அந்த ஜன்னலத்தான் மூடியிருப்பாரு. அவர எனுக்குத் தெரியும்டா, என்ன வளத்தவரு. எனுக்கு வூடு இன்னிக்கு இல்லன்னா நாளிக்கு." டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "நீங்க ஆறு பேரு அதுக்குள்ள தூங்கினு இருந்தீங்களேடா."

இப்போது வேறு கம்பெனி, வேறு ஊர், நல்ல வீடு. எத்தனையோ பேர் என் சம்பளத்தை, படிப்பை, எப்போது கல்யாணம் என்பதை விசாரித்துவிட்டார்கள். நான் தூங்கும்போது ஒழுங்காக மூச்சு விடுகிறேனா என்று கவலைப்பட்டவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருவர் என் அம்மா.